நாலாம் பாகத்து ஓட்டை

பூலாங்கரையில் அந்தக் குரல் முதன்முதலில் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. ரேஷன் கடை வரிசையில் யார் பை முன்னால் கிடந்தது என்று சுப்புத்தாயும் கொடிக்கால் தெரு மும்தாஜும் அரைமணி நேரமாக மல்லுக்கட்டி, கடைசியில் மும்தாஜ் முணுமுணுத்துக்கொண்டே தன் பையைத் தூக்கிப் பின்னால் வைத்த அந்த நொடியில், மேகம் ஒன்றுகூட இல்லாத வானத்திலிருந்து, கோயில் ஸ்பீக்கரை விடப் பெரிதாக, அடித்தொண்டையில், ஒவ்வொரு எழுத்தையும் கடித்துத் துப்புகிற மாதிரி ஓர் ஆண் குரல் சொன்னது: "வெற்றி! சுப்புத்தாய்!" வரிசையில் நின்றவர்கள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள், பிறகு சுப்புத்தாயைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சர்க்கரை வாங்கப் போய்விட்டாள்.

ஊரில் முப்பது வயதைத் தாண்டிய ஆண்கள் எல்லாருக்கும் கேட்டவுடனே தெரிந்துவிட்டது, அது புலிச்சண்டை ரெண்டாம் பாகத்தில் வரும் குரல் என்று. புலிச்சண்டை என்பது ஊர் வைத்த பெயர். திரையில் இரண்டு பேர் நின்று அடித்துக்கொள்ளும் அந்த வீடியோ விளையாட்டுக்கு ஜப்பான்காரன் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, பஜாருக்கு வந்த முதல் மெஷினின் நெற்றியில் ஒரு புலி இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு முப்பது வருஷத்தில் எட்டுப் பாகம் வந்துவிட்டது. அதில் சண்டை போடுகிறவர்களுக்கும் குடுமி, மொட்டை, செவப்புப் பாவாடை என்று ஊரே பெயர் வைத்துப் பிள்ளைகளைப் போல வளர்த்தது.

குரல் ஏன் வந்தது என்று ஊர் ரொம்ப மெனக்கெடவில்லை. பஜாரில் காசு போட்டு ஆடுகிற விளையாட்டுக் கடையை மூடியபோது பழைய மெஷினைத் தூர்ந்த கிணற்றில் தள்ளிவிட்டார்கள், அதுதான் பேசுகிறது என்று ஒரு கட்சி சொன்னது. தள்ளவில்லை, வெளியூர்க்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று இன்னொரு கட்சி சொன்னது. இரண்டு கட்சிக்கும் டீக்கடை வாசலில் வாக்குவாதம் முற்றி, குரலே "சமம்!" என்று சொல்லிவிட்டதால் அந்தப் பேச்சை அதோடு விட்டார்கள்.

ஐப்பசி பிறப்பதற்குள் குரல் ஊருக்குப் பழகிவிட்டது. மாமியார் மருமகள் சண்டையில் ஜெயித்தது யார் என்று நாலு தெருவுக்குக் கேட்டதால் சில வீடுகளில் சண்டை குறைந்தது, சில வீடுகளில் ஜெயிக்கவேண்டும் என்ற வெறியில் கூடியது. பஸ்ஸில் கண்டக்டரோடு வாதாடுகிறவர்கள் தங்கள் நிறுத்தம் வந்த பிறகும் தீர்ப்புக்காகப் படியில் நின்றார்கள். ஒரு அடிகூட வாங்காமல், ஒரு பதில்கூடக் கேட்காமல் ஜெயித்தவர்களுக்குக் குரல் "பழுதில்லை!" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லும். எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர் ஒரே வாரத்தில் நாலு பழுதில்லை வாங்கினார். மானத்துக்கு அஞ்சின புருஷன் பெண்டாட்டிகள் மட்டும் ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு, குரல் எட்டாத பஞ்சுமில் வேகத்தடைக்கு அந்தப் பக்கம் போய்ச் சண்டை போட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

ஒரே ஒரு தடவை குரல் வாயைத் திறக்கவில்லை. வேலித் தகராறில் ஆறுமுகக்கனி கற்பூரம் அணைத்துப் பொய்ச்சத்தியம் பண்ணி ஜெயித்தபோது ஊர் அண்ணாந்து காத்திருந்தது, காத்திருந்தது, காக்காய் கத்தியது, அவ்வளவுதான். அந்த மௌனம் என்ன என்று யாரும் யாருக்கும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

இதையெல்லாம் எல்லாரையும் விட அதிகமாகக் கேட்டவன் கேபிள் ஞானதுரை. வீடு வீடாகப் போய் ஒயர் மாட்டுகிறவன், ஒரு வீட்டுச் சண்டை அவனுக்குத் தெரியாமல் இருக்காது. முப்பத்தெட்டு வயது. கேபிள் அவனுக்குச் சோறு போட்டது, ஆனால் ஊர் அவனை மதித்தது புலிச்சண்டைக்காக. பொங்கலுக்குப் பானை உடைத்தல், கயிறு இழுத்தலோடு பூலாங்கரையில் புலிச்சண்டைப் போட்டியும் உண்டு. ஜெயித்தவரை மாசி மாதம் சென்னையில் நடக்கும் பெரிய போட்டிக்கு ஊர் சார்பில் அனுப்புவார்கள். பதினோரு வருஷமாக ஞானதுரைதான் ஜெயித்தான், பதினோரு வருஷமாக அவன்தான் சென்னைக்குப் போனான். பதினோரு வருஷமும் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பி, "சென்னைக்காரன் கை வேற மாதிரிப்பா" என்று சொன்னான், ஊரும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டது.

அந்த வருஷம் தோற்றுவிடுவோம் என்று அவனுக்குப் பயம் வந்தது. காரணம் இசக்கியம்மாள். லேத் பட்டறை மாடசாமியின் மகள், ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற இருபத்திரண்டு வயதுப் பெண், எதிராளி அடிக்கக் கை ஓங்குவதற்கு முன்பே எங்கே அடிப்பான் என்று தெரிந்தவள் மாதிரி விளையாடுவாள். சும்மா பழகும்போது ஞானதுரையோடு மூணாம் பாகத்தில் பத்து ஆட்டம் போட்டால் ஒன்பது அவளுக்கு. சென்னைப் போட்டியில் நன்றாக ஆடுகிறவர்களை அங்கேயே ஒரு கம்பெனி தன் அணியில் வேலைக்கு எடுக்கிறது என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அப்பாவிடம் கேட்டாள். மாடசாமி கடைசல் இயந்திரத்தை நிறுத்தாமலே சொன்னார்: "ஊர்ல ஜெயிச்சுக் காட்டு, நானே பஸ் ஏத்தி விடுதேன். தோத்தேன்னா இத்தோட அந்த வெளையாட்டுக் குச்சியத் தொடக் கூடாது. சம்மதமா?" இசக்கி சம்மதம் என்றாள். இந்தப் பேச்சு ஞானதுரைக்கும் தெரியும், அவர்கள் வீட்டு செட்டாப் பாக்ஸை அவன்தான் அப்போது கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

எந்தப் பாகத்தில் போட்டி நடத்துவது என்று மார்கழியில் கமிட்டி கூடும். தேங்காய் மண்டி சங்கரவேல் அண்ணாச்சிதான் தலைவர். அவர் புலிச்சண்டையைத் தொட்டதுகூடக் கிடையாது, ஆகையால் நடுநிலை. "ஞானதொர, எட்டையும் நிறுத்துச் சொல்லுப்பா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஞானதுரை எழுந்து நின்று ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"மொதப் பாகம் ரெண்டு அடியில முடிஞ்சிரும், பாக்கவங்க உக்காரதுக்குள்ள ஆட்டம் போயிரும். ரெண்டாம் பாகம் நம்ம எல்லாருக்கும் உசிரு, ஆனா குடுமிய எடுத்தவன் ஜெயிப்பான், மத்தவன் அழுவான். மூணாம் பாகத்துல..." இங்கே அவன் இருமிவிட்டுத் தொடர்ந்தான். "மூணுல ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே நிப்பாவ, சனத்துக்குத் தூக்கம் வந்துரும். அஞ்சாம் பாகத்துல ஒரு அடி வாங்கினோம்னா குச்சியக் கீழ வச்சிட்டு டீ குடிச்சிட்டு வரலாம், அதுவரைக்கும் அவன் அடிச்சுக்கிட்டே இருப்பான். ஆறுல தோக்கப் போறவனுக்குக் கோவம்னு ஒரு பலம் குடுக்கான், ஒத்த பட்டன்ல ஆட்டம் திரும்பிரும், அது பரிதாப வெற்றி. ஏழு நல்லதுதான், ஆனா மாசா மாசம் இன்டர்நெட்ல மாத்துதான், இன்னைக்குப் பழகின கை நாளைக்கு இருக்காது. எட்டுக்கான பெட்டி நம்ம ஊர்ல ரெண்டு வீட்லதான் இருக்கு. அதனால நாலாம் பாகம். வேகமும் இருக்கு, நிதானமும் இருக்கு."

"ஓட்டை கீட்டை எதுவும் இல்லையே?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. நான் பார்த்துட்டேன்" என்றான் ஞானதுரை.

நாலாம் பாகத்தில்தான் முதன்முதலாக மேடைக்குச் சுவர் வந்தது. அந்தச் சுவரோரம் விழுந்தவனை, அவன் எழுகிற நேரம் பார்த்து மொட்டையின் சின்ன உதையால் தட்டினால் மறுபடி விழுவான், மறுபடி தட்டினால் மறுபடி விழுவான், உயிர் போகிற வரைக்கும் எழவே முடியாது. இருபது வருஷமாக இந்த ஓட்டை பூலாங்கரையில் யார் கண்ணிலும் படாததற்கு ஒரு காரணம் உண்டு. ஊரில் வழி விடுவது என்று ஒரு வழக்கம். எதிராளி சுவரோரம் விழுந்தால் ரெண்டு எட்டுப் பின்னால் வந்து, அவன் எழுந்து நிற்கிற வரைக்கும் காத்திருக்கவேண்டும். எந்தப் புத்தகத்திலும் எழுதாத விதி, விளையாட்டுக் கடை நாளிலிருந்து கைக்குக் கை வந்தது. எல்லாரும் வழி விட்டார்கள், ஆகவே யாருக்கும் ஓட்டை தெரியவில்லை. ஞானதுரை மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தனியாக, மெஷினையே எதிராளியாக வைத்து விளையாடும்போது, மெஷினுக்கு என்ன வழி விடுவது என்று உதைத்துப் பார்த்தான், தெரிந்துகொண்டான், யாரிடமும் சொல்லவில்லை.

அதைக் கட்டாயம் செய்வேன் என்று அவன் நினைக்கவில்லை. இருக்கட்டும், கையில் இருக்கட்டும் என்றுதான் நினைத்தான். ஓட்டையை வைத்தது ஜப்பான்காரன், பட்டனை அழுத்துவது பொய்ச்சத்தியம் ஆகுமா என்றும் தனக்குத்தானே கேட்டு, ஆகாது என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான்.

காணும் பொங்கல் அன்று மாலை நாலு மணிக்கு, பள்ளிக்கூட மைதானத்தில் பெரிய திரை கட்டி, கரும்புச் சக்கைக்கு நடுவே ஊரே உட்கார்ந்திருக்க, இறுதிப்போட்டி நடந்தது. அரையிறுதி ரெண்டுக்கும் குரல் ஒழுங்காக வெற்றி சொல்லியிருந்தது, இசக்கிக்குப் பழுதில்லை. இறுதியில் ஆளுக்கு ரெண்டு சுற்று ஜெயித்துக் கடைசிச் சுற்று வந்தபோது இசக்கியின் செவப்புப் பாவாடைக்குப் பாதி உயிர் மிச்சம் இருந்தது, ஞானதுரையின் மொட்டைக்கு நகக்கண் அளவு. அவள் எட்ட நின்று ஒரு நெருப்புப் பந்து வீசினால் போதும். வீசவில்லை. மெதுவாகப் பின்வாங்கிச் சுவரை ஒட்டி நின்றாள். ஏன் அப்படி நின்றாள் என்று ஞானதுரை யோசிக்கவில்லை. அவனுக்குப் பதினோரு வருஷம் கண்ணில் தெரிந்தது. பாய்ந்து காலை வாரினான். அவள் விழுந்தாள். அவன் ரெண்டு எட்டுப் பின்னால் வரவில்லை. சின்ன உதை. விழுந்தாள். சின்ன உதை. விழுந்தாள். மைதானத்தில் முதலில் விசில் நின்றது, பிறகு பேச்சு நின்றது, பிறகு கரும்பு கடிக்கிற சத்தமும் நின்றது. அத்தனை பேர் முன்னால் அவன் கட்டைவிரல் மட்டும் டொக் டொக்கென்று பதினேழு தடவை கேட்டது. செவப்புப் பாவாடை செத்தாள்.

ஊர் அண்ணாந்து பார்த்தது. ஞானதுரையும் பார்த்தான். வானம் நல்ல நீலமாக இருந்தது.

குரல் வரவில்லை. சங்கரவேல் அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, ஞானதொர ஜெயிச்சாச்சு, கை தட்டுங்கப்பா" என்றார். தட்டினார்கள். இசக்கி குச்சியைப் பத்திரமாக ஒயர் சுற்றி மேஜையில் வைத்துவிட்டு, "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு அப்பாவோடு நடந்துபோனாள். ஞானதுரைக்குக் காதிரண்டும் சுட்டது. திருவிழா இரைச்சலில் குரலுக்கே கேட்டிருக்காது என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டான், வானத்துக்கு என்ன இரைச்சல் என்று அவனுக்கே சிரிப்பும் வந்தது, அது நல்ல சிரிப்பு இல்லை.

அதற்குப் பிறகு ஊர் அவனிடம் தங்கமாக நடந்துகொண்டது. ரெண்டு நாளாகப் படம் தெரியவில்லை என்று வழக்கமாக அவன் சட்டையைப் பிடிக்கிறவர்கள், "மெதுவா வாங்க தம்பி, அவசரமில்ல" என்றார்கள். பஸ்ஸில் சன்னல் சீட்டில் துண்டு போட்டிருந்தவர், அவன் அது என் சீட்டு என்று சும்மா சொன்னதற்கே எழுந்து போனார். சுப்புத்தாய்கூட ரேஷன் கடையில் அவனுக்கு முன்னால் நின்றவள் ஒதுங்கி, "நீ போப்பா" என்றாள். முதல் ஒரு வாரம் இதெல்லாம் மரியாதை என்று நினைத்தான். வீட்டில் எஸ்தரும் அப்படி ஆனபோதுதான் பயம் வந்தது. எஸ்தர் அவன் மனைவி, ஈரத்துண்டு கட்டிலில் கிடந்தால் பதினாலு வருஷமாக விடாமல் சண்டை போடுகிறவள். இப்போது துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுப் பேசாமல் போனாள். மறுநாள் வேண்டுமென்றே ரெண்டு ஈரத்துண்டைப் போட்டான். ரெண்டையும் எடுத்தாள். சாம்பாரில் உப்பு இல்லை என்று பொய் சொன்னான். "அப்படியா, போட்டுக் கொண்டாரேன்" என்றாள்.

"உனக்கு என்ன ஆச்சு? ஏன் ஒரு வார்த்த பேச மாட்டேங்க?" என்று கத்தினான்.

எஸ்தர் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "சண்ட போட்டா முடியும்ல, முடிஞ்சா எல்லாரும் மேல பாப்பாவ" என்றாள். "ஒங்க பேரு வந்த சண்டைக்கு அது இனிமே சொல்லுமோ சொல்லாதோ, யாருக்குத் தெரியும். சொல்லாமப் போச்சுன்னா நாலு பேர் முன்னால ஒங்களுக்கு என்ன மாரியா இருக்கும். அதான் யாரும் ஒங்க கூட எதுக்கும் நிக்கறதில்ல. தெருப் பொம்பளையெல்லாம் பேசி வச்சிருக்கோம்."

"யாரெல்லாம்?"

"எல்லாரும்தான். ஆறுமுகக்கனிக்கும் இப்படித்தான விட்டுக் குடுக்கோம்."

அவனுக்குத் தரையில் உட்காரவேண்டும் போல இருந்தது. உட்கார்ந்தான். ஊர் முழுக்க ஒரு ஆள் விடாமல் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டு, அவன் முகம் வாடக்கூடாது என்று சீட்டையும் வரிசையையும் சண்டையையும் அவனுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவன் பதினேழு தடவை விடாத வழியை ஊர் அவனுக்கு நாளெல்லாம் விட்டுக்கொண்டிருக்கிறது. யாராவது செருப்பால் அடித்திருந்தால் இவ்வளவு வெட்கம் வந்திருக்காது. மூக்கைச் சிந்திக்கொண்டு, "மாடசாமி மக என்ன பண்ணுது?" என்று கேட்டான்.

"அப்பாவுக்குக் குடுத்த சொல்லு. குச்சியத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாளாம்."

சென்னைக்குப் பெயர் அனுப்ப இன்னும் ரெண்டு நாள் இருந்தது. மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, ஊரே சீரியலுக்காக டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நேரம், ஞானதுரை சீரியலை நிறுத்திவிட்டு உள்ளூர் சேனலில் தானே வந்து உட்கார்ந்தான். மறுபடியும் எட்டுப் பாகத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான், இந்தத் தடவை இருமவில்லை. "போட்டின்னு வந்தா மூணாம் பாகம்தான். அதுல யாரு கெட்டிக்காரவங்களோ அவங்கதான் ஜெயிப்பாங்க. அதுல இசக்கி என்னைய விடக் கெட்டி, அதனாலதான் நான் அத வேண்டாம்னு சொன்னேன். நாலுல ஒரு ஓட்டை இருக்கு. எனக்கு மட்டும் தெரிஞ்ச ஓட்டை. இல்லைன்னு கமிட்டியில பொய் சொன்னேன்." பிறகு மொட்டையை எடுத்து, சுவரோரம் ஒருவனை விழத்தட்டி, பதினேழு உதையையும் உதைத்துக் காட்டினான். சீரியலை நிறுத்தியதற்கு ஒருவர்கூட போன் பண்ணித் திட்டவில்லை.

அன்றைக்கே அண்ணாச்சி இசக்கியின் பெயரை அனுப்பினார். மாடசாமி, "சொன்ன சொல்லு சொல்லுதான், நியாயமாப் பாத்தா அவதான் ஜெயிச்சிருக்கா, ஏத்தி விடுதேன்" என்றார். மறுநாள் காலை டீக்கடையில் ஞானதுரை, டீயில் சர்க்கரை கூட என்று பயந்து பயந்து ஒரு வார்த்தை சொன்னான். மாஸ்டர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்து, "ஏன், வீட்ல போட்டுக் குடியேன்! பதினஞ்சு வருசமா இதே ஸ்பூன்தாம்வே!" என்று பிடித்துக்கொண்டார். ஞானதுரைக்குப் பதில் வரவில்லை. வானத்திலிருந்து "வெற்றி! மாஸ்டர்! பழுதில்லை!" என்று கேட்டது. கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான், முடிந்தது என்று நினைத்தான்.

மாசி பிறந்து மூன்றாம் நாள் இசக்கி சென்னைக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஞானதுரையும் போனான். வழிக்கு ஒரு பாக்கெட் காரச்சேவு வாங்கிக்கொண்டு, போகலாமா வேண்டாமா என்று ரெண்டு தடவை திரும்பிவிட்டுப் போனான். மாடசாமி பையைத் தூக்கி மேலே வைக்க பஸ்ஸுக்குள் ஏறியிருந்தார். இசக்கி பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை.

"டிவில பார்த்தேண்ணே."

"என்னைய மன்னிச்சிரும்மா" என்றான். ஊருக்கே சொன்ன பிறகு இது எளிதாகத்தான் வந்தது.

"எல்லாம் சரியாச் சொன்னிய. ஒண்ணு மட்டும் தப்புண்ணே" என்றாள் இசக்கி. "ஒங்களுக்கு மட்டும் தெரியும்னு சொன்னியள்ல. எனக்கும் தெரியும். ரெண்டு வருசமாத் தெரியும்."

"எப்பிடி?" என்றான் ஞானதுரை.

"மெஷின்கூட விளையாடையில பார்த்தேன். யாருட்டயும் சொல்லல, சொன்னா யாராவது செய்வாவன்னு பயம்."

"தெரிஞ்சுமா சொவத்துப் பக்கம் போயி நின்ன?"

"எட்ட நின்னு நெருப்பு வீசி முடிச்சிருக்கலாம். பதினோரு வருசம் ஜெயிச்ச ஆளு, அப்பிடித் தோக்க வேண்டாம், கிட்ட வந்து ஒரு அடி அடிச்சுப் பாத்துட்டுத் தோக்கட்டும்னுதான் பின்னால போனேன்." டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் படியில் கால் வைத்தாள். "சொவருன்னா பயம்தான். வேற யாரா இருந்தாலும் போயிருக்க மாட்டேண்ணே, நீங்க வழி விடுவியன்னு இருந்தேன்."

பஸ் கிளம்பி, பஞ்சுமில் வேகத்தடையில் ஏறி இறங்கி, அந்தப் பக்கம் போய் மறைந்தது. டிவியில் ஊருக்கே சொன்னபோதுகூடக் கூசாத உடம்பு அவனுக்கு அப்போது கூசியது. பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர்கள் நாலு பேர் அவனைப் பார்த்துக் கை காட்டினார்கள், அவன் யாருக்கும் பதிலுக்குக் கை காட்டாமல், தூண் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.